இரண்டு ரெங்கசாமிகள்

சில ப்ரோக்ராம் தப்புகள் திரையில் சிவப்பு எழுத்தில் வந்து நிற்கும். சில தப்புகள் டீக்கடை வாசலில் வந்து நிற்கும். இது இரண்டாவது வகை.

திருச்சியிலிருந்து கரூர் போகும் சாலையில், காவிரியின் தென்கரையில் இருக்கிறது ஜீயபுரம். சுற்றிலும் வாழைத் தோட்டம். அங்கே ஒரு பைப் கடை. பிவிசி பைப், எல்போ, வால்வு, சொட்டுநீர்க் குழாய், கொஞ்சம் சிமெண்ட், இதுதான் சரக்கு. கடைக்காரருக்கு ஐம்பது வயதைத் தாண்டிவிட்டது. மகள் பி.சி.ஏ. முடித்தவர். பகலில் திருச்சியில் வேலை, சாயங்காலம் அப்பாவுக்கு உதவி.

கடையில் எப்போதும் ஒரு நீளமான பற்று நோட்டு உண்டு. அதில் பேர் இருக்காது. இருந்தாலும் தனியாக இருக்காது. 'வாத்தியார்', 'போர்க்காரர்', 'சூளை', 'பாலத்தடி அம்மா' என்றுதான் இருக்கும். பக்கத்தில் தொகை. அதற்குப் பக்கத்தில் 'வெட்டுக்கு' என்று ஒரு வார்த்தை. வாழை வெட்டி விற்றதும் பணம் தருவார்கள் என்று அர்த்தம். தேதியெல்லாம் கிடையாது. தார் முற்றும் நாள்தான் தேதி!

மகள் இந்த நோட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற நினைத்தார். காரணம் ஜிஎஸ்டி. 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி வந்துவிட்டது. விற்பனை விவரத்தை ஜிஎஸ்டிஆர்-1 ஆக அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். திருச்சி ஆடிட்டர் ஆபீஸில், "நோட்டைப் பார்த்து டைப் அடிக்க முடியலைம்மா, ஜேசான் ஃபைலா கொடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

ஜேசான் என்றால் ஒன்றும் பயங்கரமில்லை. ஒரு பெயர், அதற்கு ஒரு மதிப்பு என்று வரிசையாக எழுதி, அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக அடுக்கிய ஒரு ஃபைல். ஜிஎஸ்டி நெட்வொர்க் எந்த அமைப்பில் கேட்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஏபிஐ வழியாக அனுப்பினாலும், கையால் ஏற்றினாலும் ஏறக்குறைய அதே அமைப்பு. வாங்குபவரின் 15 எழுத்து ஜிஎஸ்டி எண்ணுக்கு 'சிடிஐஎன்', பில் நம்பருக்கு 'ஐநம்', வரிக்கு முந்தைய தொகைக்கு 'டிஎக்ஸ்வால்', சரக்கு போய்ச் சேரும் மாநிலத்துக்கு 'பிஓஎஸ்' என்று எல்லாமே சுருக்கெழுத்து.

இங்கேதான் மகள் ஒரு குறுக்கு வழி எடுத்தார். எப்படியும் கடைசியில் இந்த அமைப்பில்தானே கொடுக்கப் போகிறோம், கடையின் டேட்டாபேஸையே இப்படி வைத்துவிட்டால் மாற்றுகிற வேலையே இருக்காதே என்று நினைத்தார். ஒரே ராத்திரியில் முடித்துவிட்டார். ஜிஎஸ்டி எண் இருக்கிற வாடிக்கையாளருக்கு அந்த எண்தான் அடையாளம். இல்லாதவருக்குப் பெயர்தான் அடையாளம். பட்டப்பெயருக்கு அதில் இடமே இல்லை. 'வெட்டுக்கு' என்பதற்கும் இடமில்லை. கேட்காத தகவலை ஏன் வைக்க வேண்டும்?

கூடவே இன்னொன்றையும் சேர்த்தார். கடையில் க்யூஆர் அட்டை வைத்திருந்தார்கள். அந்த அட்டை வழியாக வரும் பணத்தின் விவரம் ஒரு வெப் சர்வீஸிலிருந்து தானாகவே வந்துவிடும்: அனுப்பியவர் பெயர், தொகை, 12 இலக்க எண். பெயரைப் பார்த்து அந்த வாடிக்கையாளர் கணக்கில் ப்ரோக்ராமே வரவு வைத்துவிடும். கடைக்காரருக்கு ஒரே சந்தோஷம். பற்றை மட்டும் பழக்கம் விடாமல் நோட்டிலும் எழுதிக்கொண்டார். போனில் வரும் வரவை நோட்டில் எழுதுவதை விட்டுவிட்டார். அதுதான் பாப்பாவின் ப்ரோக்ராம் பார்த்துக்கொள்கிறதே!

சில மாதங்கள் எல்லாம் நன்றாகவே போனது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஸ்ரீரங்கம் பக்கத்தில் இருக்கிற ஊர்களில் ரெங்கன், ரெங்கராஜ், ரெங்கநாதன், ரெங்கசாமி என்று தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். கடைக்கு இரண்டு ரெங்கசாமிகள். ஒருவர் போர்வெல் போடும் காண்ட்ராக்டர், அவருக்கு ஜிஎஸ்டி எண் உண்டு. இன்னொருவர் ரிட்டயர் ஆன பள்ளிக்கூட வாத்தியார், கொஞ்சம் வாழை வைத்திருக்கிறார். அவருக்கு ஜிஎஸ்டி எண் கிடையாது. கடைக்காரர் வாழ்நாளில் ஒரு தடவைகூட இவர்களைக் குழப்பிக்கொண்டதில்லை. நோட்டில் ஒருவர் 'போர்க்காரர்', இன்னொருவர் 'வாத்தியார்'. அவ்வளவுதான்.

2025 மார்ச் முதல் வாரத்தில் வாத்தியார் பைப் வாங்கினார். 8,400 ரூபாய், வெட்டுக்கு. கடைப்பையன் கம்ப்யூட்டரில் 'ரெங்கசாமி' என்று அடித்தான். ஒரே ஒரு ரெங்கசாமிதான் வந்தார், ஜிஎஸ்டி எண்ணோடு. பையன் என்டர் தட்டிவிட்டான். கடைக்காரர் வழக்கம்போல நோட்டில் 'வாத்தியார் 8,400' என்று எழுதினார்.

20ஆம் தேதி வாத்தியார் வீட்டிலிருந்தே போனில் பணம் அனுப்பிவிட்டார். வெப் சர்வீஸ் 'ரெங்கசாமி, 8,400' என்று சொன்னது. ப்ரோக்ராம் போர்க்காரர் கணக்கில் வரவு வைத்தது.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். போர்க்காரர் பேரில் 8,400க்கு ஒரு பில், 8,400 வரவு. பாக்கி பூஜ்யம். எல்லாக் கணக்கும் டேலி! பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகத்தில் 'செய் பிழை' என்று படித்தது ஞாபகம் இருக்கிறதா? ஒருவர் கணக்கில் எழுத வேண்டியதை இன்னொருவர் கணக்கில் எழுதுவது. இருப்பாய்வு இதைக் காட்டிக்கொடுக்காது. இரண்டு பக்கமும் சமமாகவே நிற்கும். அன்றைக்கு இரண்டு மார்க் கேள்விக்குப் படித்தது, இங்கே டீக்கடைக்கு வந்தது.

மார்ச் கடைசியில் வருஷக் கணக்கு முடிக்கிற அவசரத்தில் கடைக்காரர் நோட்டைப் புரட்டினார். வாத்தியார் 8,400 அடிக்காமல் அப்படியே நிற்கிறது. கம்ப்யூட்டரிலும் வாத்தியாரிடமிருந்து வரவு எதுவும் இல்லை. பையனிடம் சொல்லி அனுப்பினார். பையன் வாத்தியாரைப் பிடித்தது டீக்கடையில், நாலு பேர் நடுவில்.

"ஐயா, அந்த எட்டாயிரத்து நானூறு... மார்ச் முடியறதுக்குள்ள குடுத்துட்டா நல்லாருக்கும்னு முதலாளி சொன்னாரு."

வாத்தியார் ஒன்றும் பேசவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு நேராகக் கடைக்கு வந்து போனை நீட்டினார். தேதி, தொகை, 12 இலக்க எண் எல்லாம் அதில் இருந்தது.

"இருபது வருஷமா உங்கிட்ட பற்று வாங்குறேன் தம்பி. ஒரு தடவை சொன்ன நாள் தவறியிருக்கனா?"

கடைக்காரருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கிராமத்தில் கடன் என்பது பணம் மட்டும் இல்லையே. நாலு பேர் முன்னால் கேட்கப்பட்ட கடன், கட்டிய பிறகும் கொஞ்ச நாள் பேரில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அன்று ராத்திரி மகள் அந்த வரவைத் தேடிப் பிடித்து வாத்தியார் பேருக்கு மாற்றினார். "பேர் மாறிப் போச்சுப்பா, இனிமே பார்த்துக்கறேன்" என்றார். பில்லும் தப்பான பேரில்தான் இருக்கிறது என்பது அவருக்குத் தோன்றவில்லை. வலித்த இடத்தில் மருந்து போட்டாயிற்று, முள் உள்ளேயே இருந்தது.

ஏப்ரல் 11க்குள் ஜிஎஸ்டிஆர்-1 போனது. வாத்தியாரின் பைப் பில், போர்க்காரரின் ஜிஎஸ்டி எண்ணோடு போனது. இரண்டு நாளில் போர்க்காரரின் அக்கவுண்டன்ட் போன் செய்தார். "நாங்க வாங்காத பைப்புக்கு எங்க நம்பர்ல பில் வந்திருக்கே சார்?" 2024 அக்டோபரில் இன்வாய்ஸ் மேனேஜ்மென்ட் சிஸ்டம் வந்ததிலிருந்து, வாங்குபவர் தன் எண்ணுக்கு வரும் பில்லை ஏற்கலாம், நிராகரிக்கலாம், நிறுத்தி வைக்கலாம். அவர் நிராகரித்துவிட்டார். நல்லவேளை! கவனிக்காமல் ஏற்றிருந்தால், தான் வாங்காத சரக்கின் 1,281 ரூபாய் வரிக்கு அவர் இன்புட் கிரெடிட் எடுத்ததாக ஆகியிருக்கும். பிறகு வட்டியோடு பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒரே இடத்தில் ஒரே தப்பு. அதனால் ஒரு மனிதருக்கு அவமானம், இன்னொருவருக்கு வரிச் சிக்கல்.

ஜீயபுரத்தில் பெயர் குழம்பிய கதை ஒன்று ஏற்கனவே உண்டு. பங்குனித் திருவிழாவில் ஸ்ரீரங்கத்து நம்பெருமாள் ஜீயபுரம் மண்டபத்துக்கு எழுந்தருள்வார். அதற்குச் சொல்லப்படும் கதை இது. ஊரில் ஒரு பாட்டி, அவளுக்கு ரங்கன் என்று ஒரு பேரன். சவரம் செய்துகொண்டு காவிரியில் குளிக்கப் போன பேரனை வெள்ளம் அடித்துப் போய்விட்டது. பாட்டி கரையில் நின்று "ரங்கா, ரங்கா" என்று கூப்பிட்டாள். வந்தவர் அரங்கன்! பேரனைப் போலவே வந்து, பாட்டி போட்ட பழையதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நிஜப் பேரன் வந்து வாசலில் நின்றான்.

கதையில், கூப்பிட்ட பேருக்கு வேறொருவர் வந்தால் அது அருள். கணக்கில், கூப்பிட்ட பேருக்கு வேறொருவர் வந்தால் அது வில்லங்கம். பேர் என்பது கூப்பிடுவதற்கு. அடையாளம் வேறு சமாச்சாரம்.

சரி, தப்பு எங்கே? பையன் மேலா? இல்லை. வெப் சர்வீஸ் மேலா? அதுவும் இல்லை. ஜிஎஸ்டி நெட்வொர்க்குக்கு வாத்தியார் யாரென்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. பதிவு பெறாத உள்ளூர்க்காரர்களுக்கு விற்றதையெல்லாம் மாநிலவாரியாக, வரி விகிதவாரியாகக் கூட்டித்தான் அது கேட்கிறது. வாத்தியார், பாலத்தடி அம்மா எல்லோரும் சேர்ந்து ஒரே வரி. வரி வசூலிப்பவருக்கு அது போதும், சரியும்கூட. க்யூஆர் கம்பெனிக்குத் தேவை பேங்க்கில் இருக்கிற பேர். அதுவும் சரி.

ஆனால் கடைக்கு அது போதாது. யார், எந்த வெட்டுக்கு, எவ்வளவு என்பதுதான் கடையின் உலகம். சாஃப்ட்வேர்காரர்கள் இதை டொமைன் மாடல் என்கிறார்கள். தொழில் தன்னைத் தானே எப்படிப் புரிந்துகொள்கிறதோ அந்த வடிவம். வெப் சர்வீஸ் அனுப்புகிற, கேட்கிற ஆப்ஜெக்ட் பயணத்துக்குக் கட்டிய மூட்டை. மார்ட்டின் ஃபவுலர் 2002இல் எழுதிய புத்தகத்தில் இதற்கு 'டேட்டா டிரான்ஸ்ஃபர் ஆப்ஜெக்ட்' என்று பெயர் வைத்தார். நெட்வொர்க்கில் பத்து தடவை போய் வராமல் ஒரே தடவையில் எல்லாவற்றையும் கட்டிக் கொடுப்பதுதான் அதன் வேலை. மூட்டையிலேயே யாரும் குடித்தனம் நடத்துவதில்லை. மகள் செய்தது அதைத்தான். வெளியே கேட்காததால் 'வாத்தியார்' என்ற வார்த்தைக்கு வீட்டுக்குள்ளேயும் இடமில்லாமல் போனது.

இதற்கு மருந்தும் பழையதுதான். 2003இல் எரிக் எவன்ஸ் 'ஆன்டி கரப்ஷன் லேயர்' என்று ஒன்றைச் சொன்னார். (லஞ்ச ஒழிப்புத் துறை இல்லை!) வெளியார் மொழி உள்ளே வந்து நம் மொழியைக் கெடுத்துவிடாமல் வாசலில் ஒரு மொழிபெயர்ப்பாளரை உட்கார வைப்பது. உள்ளே வருவது அவர் வழியாக வர வேண்டும், வெளியே போவதும் அவர் வழியாகப் போக வேண்டும்.

மே மாதம் மகள் முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னால் அப்பாவின் நோட்டைத் திறந்தார்.

முதலில் கடையின் சொந்த ஆப்ஜெக்ட்கள்: வாடிக்கையாளர், பில், வரவு, வெட்டு. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கடையே கொடுக்கும் ஒரு நம்பர். பேர், பட்டப்பெயர், ஜிஎஸ்டி எண் எல்லாம் அந்த நம்பருக்குக் கீழே வரும் விவரங்கள், அவ்வளவுதான். எதுவும் அடையாளம் இல்லை.

அடுத்து வெளியிலிருந்து வருவதை வந்தபடியே தனியாக வைப்பது. நாளைக்குச் சண்டை வந்தால் "வந்தது இதுதான்" என்று காட்ட வேண்டுமே.

மூன்றாவதுதான் மேப்பிங், அதாவது அந்த மொழிபெயர்ப்பாளர். கேட்க எளிதாக இருக்கிறது. உட்கார்ந்து எழுதினால்தான் தெரியும், ஒவ்வொரு வரியும் ஒரு முடிவு.

கடைக்கு 8,400 என்பது ஒரே எண். வெளியே அது மூன்று எண்: பொருள் மதிப்பு 7,118.64, மத்திய வரி 640.68, மாநில வரி 640.68. மூன்றையும் கூட்டினால் சரியாக 8,400 வர வேண்டும். ரவுண்ட் செய்வதை ஒரே இடத்தில் செய்யாவிட்டால் மாதக் கடைசியில் ஒரு பைசா, இரண்டு பைசா என்று எங்கோ ஒளிந்துகொள்ளும்.

கடையில் பைப் 'லென்த்' கணக்கு. வெளியே லென்த் என்று ஒரு அளவே கிடையாது, மீட்டர்தான். ஆக ஆறு மீட்டர் பைப் ஒரு லென்த் என்றால் ஆறால் பெருக்க வேண்டும்.

கடைக்குத் தெரிந்தது ஊர். வெளியே கேட்பது மாநில எண். மயிலாடுதுறையில் இறக்கும் லோடுக்கு 33. கொஞ்சம் தள்ளிக் காரைக்காலில் இறக்கினால் புதுச்சேரியின் 34. உடனே மத்திய வரி, மாநில வரி இரண்டும் போய் ஐஜிஎஸ்டி வரும். தூரம் கொஞ்சம்தான், வரியின் தலைப்பே மாறிவிடும்.

தேதியும் அப்படித்தான். ஜிஎஸ்டிஆர்-1இல் நாள், மாதம், வருடத்துக்கு நடுவில் சின்னக் கோடு. அதே அரசாங்கத்தின் இ-இன்வாய்ஸ் அமைப்பில் சாய்ந்த கோடு. கடைக்கு இரண்டும் ஒரே நாள்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியமான முடிவு ஒன்று இருந்தது. வெளியிலிருந்து வந்த பேருக்கு உள்ளே ஆள் யாரென்று உறுதியாகத் தெரியாவிட்டால் என்ன செய்வது? பழைய ப்ரோக்ராம் ஊகித்தது, அதுவும் சத்தமே இல்லாமல். புதியது ஊகிக்காது. அந்தப் பணத்தை அனாமத்துக் கணக்கில் போட்டு, கடைக்காரரிடம் கேட்கும்: "ரெங்கசாமி, 8,400. இது யார்?" வணிகவியல் படித்தவர்களுக்கு இதில் ஒரு சின்னப் பெருமை உண்டு. சாஃப்ட்வேர் வருவதற்கு எவ்வளவோ முன்னாலேயே கணக்குப்பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்ட விஷயம் இது. ஆள் தெரியாத பணத்தைத் தெரிந்தவர் பேரில் எழுதக் கூடாது. தெரியாது என்று எழுத ஒரு கணக்கு வேண்டும்.

இவ்வளவும் எல்லா இடத்திலும் தேவையா என்று கேட்டால், இல்லை. ரயில் எங்கே வருகிறது என்று வெப் சர்வீஸில் வாங்கி அப்படியே காட்டுகிற சின்ன ஆப் என்றால் மொழிபெயர்ப்பாளருக்கு வேலையே இல்லை. வந்ததைக் காட்டிவிட்டுப் போகலாம். உள்ளே சொந்தமாக ஒரு கணக்கு, ஒரு வழக்கம், ஒரு நம்பிக்கை இருக்கிற இடத்தில்தான் அவர் தேவை.

அந்த வருஷம் செப்டம்பர் 22ஆம் தேதி ஒரு பரீட்சை வந்தது. ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. சிமெண்ட் 28 சதவீதத்திலிருந்து 18க்கு வந்தது, சொட்டுநீர்ப் பாசனக் கருவிகள் 12லிருந்து 5க்கு வந்தன. பைப் 18லேயே நின்றது. மகள் மாற்றியது ஒரே ஒரு அட்டவணையைத்தான், 'இந்தத் தேதியிலிருந்து' என்ற குறிப்போடு. பழைய பில்களில் பழைய விகிதம் அப்படியே இருந்தது. கடையின் ஆப்ஜெக்ட்களில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. வெளியே எது மாறினாலும் வாசலோடு நின்றுவிட வேண்டும் என்பதுதானே நோக்கம்.

வாத்தியாரைப் பார்க்கக் கடைக்காரர் ஏப்ரலிலேயே அவர் வீட்டுக்குப் போய் வந்துவிட்டார். என்ன பேசினார்கள் என்று மகளிடம் சொல்லவில்லை. வாத்தியார் கொஞ்ச நாள் கடைக்கு வரவில்லை. பிறகு ஒரு நாள் ஒரு வால்வு வேண்டும் என்று வந்தார். மகள்தான் கல்லாவில் இருந்தார். எழுந்து நின்றார்.

"மன்னிச்சுக்குங்க ஐயா. தப்பு என்னோடது."

வாத்தியார் திரையை எட்டிப் பார்த்தார். மேலே பெரிதாக '117 வாத்தியார்' என்று இருந்தது. "என்னம்மா, என் பேரையே காணோம்?"

"கீழ இருக்கு ஐயா. ஆனா இனிமே அதை வச்சுத் தேடாது."

வாத்தியார் சிரித்தார். வால்வுக்கு உண்டான காசை அப்போதே எண்ணிக் கொடுத்தார். "இது பற்று வேணாம்மா" என்றார். இன்னும் முழுசாக ஆறவில்லை என்று அர்த்தமா, சும்மாதான் கொடுத்தாரா என்று மகளுக்குப் புரியவில்லை. அடுத்த மாதம் எட்டு லென்த் பைப் வாங்கும்போது, "வெட்டுக்கு எழுதிக்கம்மா" என்று சொன்னார். அப்போதுதான் மகளுக்கு மூச்சு வந்தது.

பற்று நோட்டு இன்னும் கல்லாவில்தான் இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவும் மகளும் நோட்டையும் திரையையும் வரிக்கு வரி ஒத்துப் பார்க்கிறார்கள்.

பி.கு: ப்ராஜெக்ட் செய்கிற நண்பர்கள் கவனத்துக்கு. வெப் சர்வீஸ் கொடுக்கிற ஃபைலை அப்படியே டேபிளாக மாற்றுவதற்கு முன்னால், அந்தக் கடையின் நோட்டை ஒரு தடவை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். ஃபைலில் இல்லாத வார்த்தை ஒன்று அதில் கட்டாயம் இருக்கும். அது எங்கே போய் உட்காரப் போகிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.